நாலாம் பந்தியில் செத்துப்போனவர்

நான்கு வருடங்களுக்கு முன்பு, கார்த்திகை மாத மழையில் ஒரு புதன்கிழமை. பதுளை நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு மாடியில் இருக்கும் சட்டத்தரணி அலுவலகத்தில் நான் செயலாளராகச் சேர்ந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. "மூணு மாசம் பாப்போம். சரிவந்தா நிரந்தரம்" என்று எங்கள் சட்டத்தரணி மேடம் முதல் நாளே சொல்லியிருந்தார்.

பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து, இப்படி ஓர் அலுவலக வேலைக்குப் போன முதல் பெண் நான்தான். அம்மா அதைக் கோயிலில், பஸ்ஸில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் என்று ஓர் இடம் விடாமல் சொல்லி முடித்திருந்தார். "மக கோர்ட்டுல வேலை" என்பார். கோர்ட்டில் இல்லை, கோர்ட்டுக்கு எதிரே என்று நான் திருத்தினால் கோபம் வரும். இந்த வேலை போனால் எந்த முகத்தோடு லயத்துக்குப் போவது என்று எனக்கு உள்ளூர ஒரே உதறல்.

ஆனாலும் டைப்பிங்கில் நான் புலி. அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் அதிகம் அடிப்பது சத்தியக்கடதாசிதான். "நான் சொல்வதெல்லாம் உண்மை" என்று ஒருவர் சட்டத்தரணி முன்னால் கையெழுத்து வைத்துக் கொடுக்கும் பத்திரம் அது. அதை யாரும் ஒவ்வொரு தடவையும் புதிதாக அடிப்பதில்லை. முந்தைய ஆளுடையதைக் கம்ப்யூட்டரில் திறந்து, பெயரையும் முகவரியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மாற்றி, வேண்டியதைச் சேர்த்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். நான் ஏழு நிமிடத்தில் முடிப்பேன்.

அன்றைக்கு மடுல்சீமையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். அந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும், தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அவர் கணவர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், எல்ல என்ற ஊரில் ஒரு விருந்தினர் விடுதியில் சமையல்காரர். தோட்டத்தில் வீடு கட்ட இவர்கள் இருவர் பெயரிலும் ஒரு துண்டுக் காணி கிடைக்க இருந்தது. வேறு வீடோ காணியோ எங்களுக்கு இல்லை என்று அந்த அக்கா ஒரு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும். அதைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், அன்று மூன்று மணிக்குள் ஒப்படைக்க வேண்டும். தவறினால் பெயர் அடுத்த பட்டியலுக்குப் போய்விடும். அடுத்த பட்டியல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. முதல் பஸ்ஸில் புறப்பட்டும், வழியில் மண் சரிந்து கிடந்ததால் அவர்கள் மாடியேறி வரும்போது மணி ஒன்றரை. அவர்களுக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள்.

முறை வந்ததும் விவரம் கேட்டேன், தட்டினேன், அச்செடுத்தேன். மேடம் நீதிமன்றத்திலிருந்து வந்து ஒப்பமிட வேண்டியதுதான் பாக்கி. அவர் வருவதற்குள் இதையாவது முடித்து வைப்போம் என்று தாளை நீட்டி, "இந்தப் புள்ளிக் கோட்டுல கையெழுத்து வைங்கக்கா" என்று பேனாவைக் கொடுத்தேன்.

அக்கா பேனாவை வாங்கினார். வைக்கவில்லை. பத்திரம் சிங்களத்தில் இருந்தது. அக்காவுக்குச் சிங்களம் வராது. அண்ணனுக்குப் பேச வரும், வாசிக்க வராது. "என்னா எழுதியிருக்குன்னு வாசிங்க மிஸ்" என்றார் அக்கா.

"நீங்க சொன்னதுதாங்க்கா. நேரம் போகுது பாருங்க."

"சரி, அடியில ரெண்டு வரி தனியா இருக்கே. அத மட்டுமாவது வாசிங்க."

அந்த இரண்டு வரி எல்லாப் பத்திரத்திலும் இருப்பது. மேலே சொன்ன யாவும் எனக்குத் தமிழில் வாசித்து விளக்கப்பட்டன, நான் அவற்றை விளங்கிக்கொண்டேன் என்று. வேண்டாவெறுப்பாக வாசித்துச் சொன்னேன். அக்கா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

"அப்ப நீங்க வாசிக்காமயே, வாசிச்சாங்கன்னு நான் கையெழுத்து வைக்கிறதா? இதுக்குப் பேரு சத்தியக்கடதாசின்னு வேற சொல்றீங்க. தராசு முள்ள பாக்காம நான் ஒரு நாளும் கொழுந்து போட்டதில்ல மிஸ். வாசிங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. மணி இரண்டே கால். வாசித்துத் தொலைப்போம் என்று தாளைத் தூக்கி, சிங்களத்தைப் பார்த்துத் தமிழில் கடகடவென்று சொல்லிக்கொண்டே போனேன். முதல் பந்தி, அதாவது முதல் பத்தி, பிறகு இரண்டாம் பந்தி, மூன்றாம் பந்தி. நான்காம் பந்தியிலும் அதே வேகத்தில், "எனது கணவர் மாரடைப்பினால் காலமாகிவிட்டார் என்றும், தற்போது நான் தனியாக..."

வாய்தான் வாசித்தது. மூளைக்கு அது பிறகுதான் எட்டியது. காலையில் வந்த ஒரு விதவை அம்மாவின் பத்திரத்தைத் திறந்து, பெயரை மட்டும் மாற்றிவிட்டு நாலாம் பந்தியை அப்படியே விட்டிருந்தேன்.

அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். மெதுவாக நெஞ்சில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு, "எப்பங்க மிஸ்?" என்று கேட்டார்.

அக்கா திரும்பி அவரைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். "செத்தவருக்கு என்னாத்துக்குப் பிளேன்டீ? இங்க குடுங்க" என்று கிளாஸைப் பிடுங்கி, மிச்சத்தைத் தானே குடித்தார்.

அவ்வளவுதான். காத்திருந்தவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. நான் மட்டும் வியர்த்து நின்றேன். அந்தத் தாள் அப்படியே கச்சேரிக்குப் போயிருந்தால், உயிரோடு இருக்கும் மனிதர் பத்திரத்தில் எப்படிச் செத்தார் என்று கேட்டு முழு விண்ணப்பத்தையும் தூக்கி வைத்திருப்பார்கள். காணி போயிருக்கும்.

அந்த நேரம் பார்த்து மேடம் படியேறி வந்தார். "என்ன, கல்யாண வீடு மாதிரி சத்தம்?"

என் வேலை போயிற்று என்றே நினைத்தேன். அக்கா முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல மேடம். பத்திரத்துல ஒரு பிழை. உங்க மிஸ் வாசிச்சிக் காட்டினதுனால தப்பிச்சோம்."

நடந்ததை எல்லாம் பார்த்த பிறகும் அவர் அப்படிச் சொன்னார். நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "இல்ல மேடம், நான் வாசிக்காமலே கையெழுத்து வாங்கப் பாத்தேன். அக்கா விடாப்பிடியா நின்னதாலதான் வாசிச்சேன்" என்று சொல்லிவிட்டேன்.

மேடம் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், பெஞ்சில் இருந்த அண்ணனைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "மனுசனுக்கு உயிரக் குடுத்துட்டுத் திரும்ப வாசி. எனக்கும் கேக்கணும்" என்றார்.

புதிய தாளை ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். அக்கா கண்ணிமைக்காமல் கேட்டு, தமிழில் அழகாகக் கையெழுத்து வைத்தார். மேடம் ஒப்பமிட்டு முத்திரை குத்தியபோது மணி இரண்டே முக்கால். பத்திரத்தை என் சாப்பாட்டுப் பையில் சுற்றிக்கொண்டு மழையில் மூன்று பேரும் ஓடினோம். "செத்தும் ஓட விடுறாங்களே" என்று பின்னால் அண்ணன் புலம்பிக்கொண்டே வந்தார். கவுண்டரை மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது, பத்திரத்தை ஒப்படைத்ததற்கான துண்டு எங்கள் கைக்கு வந்தது. அக்கா என் ஈரக் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினார்.

நனைந்த கோழியாகத் திரும்பி வந்தேன். மேடம் தலையை நிமிர்த்தாமல், "ஒரு நியமனக் கடிதம் அடிக்கணும். உன் பேருக்குத்தான். புதுசா அடி, யாருடையதையும் திறக்காத. அடிச்சிட்டு எனக்கு வாசிச்சிக் காட்டு" என்றார். நிரந்தரம் என்று வந்த வரியை இரண்டு தடவை வாசித்தேன். மேடம் அவசரப்படுத்தவில்லை.

போன வருடம் மடுல்சீமையில் அந்தப் புது வீட்டுக்குப் பால் காய்ச்சக் கூப்பிட்டிருந்தார்கள். வாசலில் புதுச்சட்டையோடு நின்ற அண்ணன், "வாங்க மிஸ், செத்தவன் வீட்டுக்கு வாங்க" என்று வரவேற்றார். அக்கா உள்ளேயிருந்து சிரித்தது வாசல் வரை கேட்டது.

இன்றைக்கும் என்னிடம் வருபவர்கள், "வாசிக்கல்லாம் வேணாம் மிஸ், எங்க வைக்கணும்னு சொல்லுங்க" என்றால் நான் பேனாவைக் கொடுப்பதில்லை. அந்தத் தாள் எனக்கு ஏழு நிமிட வேலை, எதிரே இருப்பவருக்கு அது ஒரு வீடு என்று தெரிந்துகொண்டதால், நாலாம் பந்தி வரும்போது ஒரு தடவை நிமிர்ந்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக்கொண்டுதான் மேலே வாசிக்கிறேன்.