டிரில் மாஸ்டரின் குரல் இருந்த போல்டர்

ஒயரக்கா என்று சொன்னால்தான் அந்தக் கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கென்று ஒரு பெயர் கரண்ட் பில்லில் இருக்கிறது. அதை யார் பார்த்தார்கள்! சின்னச் சின்ன ஆபீஸ்களில் இருக்கிற நாலைந்து கம்ப்யூட்டர்களை ஒயர் போட்டு இணைத்து, இதில் இருக்கும் ஃபைலை அதில் திறக்கலாம், அதில் இருப்பதை இதில் எடுக்கலாம் என்று செய்து கொடுப்பதுதான் இருபது வருஷமாகத் தொழில். மேஜைக்கடியில் தவழ்ந்து தவழ்ந்து முட்டி இரண்டும் காய்த்துப்போயிருந்தன. வாயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். "பொது போல்டர்னா பொதுக் கிணறு மாதிரி. கண்டவங்க கண்டதைப் போட்டா நாறத்தான் செய்யும்" என்று வக்கீலையே நிற்க வைத்துத் திட்டுவாள்.

போகிற இடமெல்லாம் இரண்டு பாடம் நடத்துவாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் இருப்பதை உங்கள் இடத்திலிருந்து அழித்தால் அது குப்பைத் தொட்டிக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். அப்புறம், ஒரே போல்டர் இரண்டு திரையில் தெரிகிறதென்று இரண்டு இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்று சும்மாவா சொன்னார்கள்.

அவள் புருஷன் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். மைதானத்தின் இந்தக் கோடியில் அவர் "நில்" என்றால், மதிலுக்கு அந்தப்பக்கம் போகிற சைக்கிள்காரன்கூடக் காலை ஊன்றிவிடுவான். அப்படிப்பட்ட மனுஷனுக்குத் தொண்டையில் வந்தது நோய். குரல்வளையை எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொன்னபோது அவர் அழவில்லை, இவள்தான் அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, அவரை உட்கார வைத்து மூன்று நாள் பேச வைத்துப் பதிவு செய்தாள். நறுக்கி எடுத்ததில் இருநூற்றுப் பன்னிரண்டு துண்டு தேறியது. "டீ போடு." "சாவியை எங்க வச்சே?" "மழை வருது, துணியை எடு." "நீ சொல்றது தப்பு." இப்படி.

ஆபரேஷனுக்குப் பிறகு ஹாலில் அவருக்கு ஒரு கம்ப்யூட்டர், உள்ளறையில் இவளுடையது, நடுவில் சுவரோரமாக ஒரு நீல ஒயர். அவர் ஒன்றை அமுக்கினால் ஸ்பீக்கரில் பழைய கணீர்க் குரல் டீ கேட்கும். அதிகமாக அமுக்கப்பட்டது "நீ சொல்றது தப்பு"தான். அதில் அவளுக்கு வருத்தமில்லை. அவர் வெளியே போயிருக்கும் நேரத்தில் உள்ளறையிலிருந்தே அந்த போல்டரைத் திறந்து, ஒயர் முனைகளைச் சீவிக்கொண்டே ஒவ்வொன்றாகக் கேட்பாள். அது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பல் டாக்டருடைய டிஸ்க் சாகக் கிடந்தது. அதிலிருந்த எக்ஸ்ரே படங்களை உடனே எங்காவது இறக்கியாக வேண்டும். வீட்டில் பெரிய டிஸ்க் இருந்தது ஹால் கம்ப்யூட்டரில். அவர் செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்கு செக்கப் போவது வழக்கம், அன்றும் போயிருந்தார். உள்ளறையில் உட்கார்ந்தபடியே அவருடைய கம்ப்யூட்டரில் இடம் பண்ண ஆரம்பித்தாள். பழைய விளையாட்டு விழாப் படங்களை அழித்தாள். மூன்று நாள் முழுப் பதிவும் சேர்ந்து குரல் போல்டர் பெருத்துக் கிடந்தது. நம்மகிட்டதான் இன்னொண்ணு இருக்கே என்று அதையும் அழித்தாள். எக்ஸ்ரே படங்கள் அத்தனையும் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்தன.

வேலை முடிந்ததும் கொஞ்சம் குரல் கேட்கலாம் என்று தன் திரையில் இருந்ததை அமுக்கினாள். திறக்கவில்லை. மறுபடியும் அமுக்கினாள். அப்போதுதான் உறைத்தது. அவளிடம் இருந்தது போல்டரே இல்லை, ஹாலில் இருக்கும் போல்டருக்கு வழி காட்டுகிற வெறும் ஷார்ட்கட். ஆபரேஷன் அவசரத்தில், அப்புறம் காப்பி எடுத்துக்கலாம் என்று போட்டு வைத்தது. அந்த அப்புறம் வரவே இல்லை.

அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தாள். பெயர்கள் மட்டும் வரிசையாக எழுந்து வந்தன, இருநூற்றுப் பன்னிரண்டும். திறந்தால் வெறும் இரைச்சல். அவருடைய குரலைக் கொன்றது நோய் பாதி, நான் பாதி என்று தலையில் அடித்துக்கொண்டாள். டிஸ்க் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடலாமா? மெஷின்மேல் பழி போட்டால் மெஷின் வாயைத் திறந்து மறுக்கவா போகிறது? இதே பொய்யைச் சொன்ன எத்தனை பேரை அவள் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறாள்!

மத்தியானம் அவர் வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

"என்னங்க, உங்க குரலை நான் அழிச்சிட்டேன். மிச்சம் எதுவுமில்லை."

அவர் ஹால் கம்ப்யூட்டரில் போய்ப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"திட்டுங்க. எழுதியாவது திட்டுங்க."

அவர் எழுந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தார். கழுத்தில் ஆபரேஷன் துளையை மூடியிருந்த துண்டைச் சரிசெய்தார். காற்றை மென்று விழுங்குவதுபோல் விழுங்கினார்.

"வி...டு."

அவள் முதலில் திரும்பிப் பார்த்தது ஸ்பீக்கரைத்தான். தண்ணீர் நின்ற குழாயில் காற்று வருகிற மாதிரி, கரகரத்து, பாதி ஏப்பமாக இருந்தது அந்தச் சத்தம். அது அவர் வாயிலிருந்து வந்திருந்தது.

"செக்கப்... இல்ல. கிளாஸ். ரெண்டு மாசமா... காத்தை முழுங்கி... பேசப் படிக்கிறேன்."

"என்கிட்ட ஏங்க சொல்லலை?"

அவர் உள்ளறைப் பக்கம் தாடையை நீட்டினார். இன்னொரு வாய் காற்றை விழுங்கினார். "நான் வரும்போதெல்லாம்... நீ அவன் பேச்சையே... கேட்டுட்டிருப்பே. வாசல்லயே... நின்னுடுவேன். அவனுக்கு முன்னால... நான் என்னத்தைப் பேச?"

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் வாசலில் நின்று, தன் பழைய குரலிடமே தோற்றுவிட்டு, ஒன்றும் நடக்காதவர்போல் உள்ளே வந்து டீக்கு ஒன்றை அமுக்கியிருக்கிறார் இந்த மனுஷன். பாவமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. அழுகையோடு சிரிப்பும் வந்து மூச்சு முட்டியது.

தொழில் புத்தி லேசில் போகுமா. உள்ளறைக்கு ஓடி மைக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். "இப்பச் சொன்னதை அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க. இந்தத் தடவை மூணு இடத்துல காப்பி வைக்கிறேன்."

அவர் மைக்கைக் கையால் பொத்தினார்.

"எதுக்கு? நான்தான்... இருக்கேனே."

ஒயரக்கா மைக்கைக் கீழே வைத்தாள். ஸ்டூலை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி, பேசுங்க" என்றாள்.