முத்துலிங்கம் கட்டிய மட்டை வீடு

பரந்தனில் எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டுக்குப் பெயின்ற் அடிப்பதென்றாலும் முத்துலிங்கம் அண்ணையைத்தான் கூப்பிடுவார்கள். சுவரில் ஒரு சின்னக் கறை தெரிந்தாலும் மனுசனுக்குச் சாப்பாடு இறங்காது. சுரண்டிப் பூசி, அதை மறைத்த பிறகுதான் ஏணியை விட்டு இறங்குவார். அப்படிப்பட்டவர் போன வருசம், வவுனியாவில் இருக்கும் மகள்வழிப் பேத்திக்குப் பொம்மை வீடு செய்கிறேன் என்று தொடங்கி, அதில் துருக் கறளும் பாசியும் பிடிக்கவைத்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“என்னண்ணை, ஊர் வீட்டையெல்லாம் புதுசாக்கினியள். இப்ப புது வீட்டைப் பழுதாக்கிறியளோ?” என்று பக்கத்து வீட்டு உரிமையில் கேட்டேன்.

“பேசாமல் இரு பிள்ளை. இது எங்கட பழைய வீடு.”

புதுக்குடியிருப்பில் அவர்களுக்கு ஓட்டு வீடு ஒன்று இருந்தது. கடைசிச் சண்டையில் வீடும் போனது, மகன் தர்சனும் போனான். ஒரு படம்கூட மிஞ்சவில்லை. அந்த வீட்டுக் கதையை எடுத்தாலே அவர் மனைவி விமலேஸ்வரி அக்கா எழும்பிக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவார். அக்கா இந்தப் பொம்மை வீட்டை ஒருதரமாவது பார்த்து, “ஓம், இதுதான்” என்று சொல்ல வேண்டும். மனுசனுக்கு வேண்டியது அவ்வளவுதான். பேத்தி ஒரு சாட்டு. அந்தக் குஞ்சு கேட்டதோ பிங்க் நிற வீடு!

காட்போட் மட்டையை வெட்டிச் சுவர் எழுப்பி வெள்ளை அடித்தார். வயல் களிமண்ணில் விரல்நகம் அளவு ஓடுகள் செய்து அடுப்பில் சுட்டார். பழைய ஆணிகளை வினாகிரியில் ஊறப்போட்டு, கறள் நிறம் வர அந்தத் தண்ணீரைச் சாய்ப்புப் பத்தியின் தகரக் கூரையில் பூசினார். கதவுக்கு மெழுகுதிரி தேய்த்து, அதன்மேல் நீலம் அடித்து, காய்ந்ததும் நகத்தால் சுரண்ட, பெயின்ற் உரிந்த பழங்கதவாகிவிட்டது. கிணற்றுக்கட்டுப் பாசியைக் காயவைத்து அரித்து, சுவரின் அடியில் தூவினார். குசினிக்கு விளக்குக் கரி. பார்க்கப் பார்க்க எனக்கும் எங்கள் பழைய வீட்டு ஞாபகம் வந்தது. பிறகு கிண்டல் பண்ணவில்லை.

வேலை முடிந்த அன்று நானும் அங்கே இருந்தேன்.

“இஞ்சேர், ஒருக்கா வந்து பாரும்,” என்று அண்ணை குசினிப் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார்.

அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குனிந்து பார்த்தார். கதவைத் தொட்டார். குசினிக் கரியைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்புக்கூட வந்தது. பிறகு விறாந்தை யன்னலுக்குக் கீழே பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“வடிவாத்தான் இருக்கு. ஆனா இது எங்கட வீடில்லை.”

அண்ணையின் முகம் செத்துப்போனது. எனக்கு அக்காமீது கோபம் கோபமாக வந்தது. ஒரு ‘ஓம்’ சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா?

“இந்த யன்னலுக்குக் கீழதானே தர்சன் சாய்ஞ்சிருந்து படிக்கிறவன்,” என்றார் அக்கா. “அவன்ர தலை எண்ணெய் எங்கை?”

அண்ணைக்கு அப்போதுதான் விளங்கியது. சுவரில் அந்த எண்ணெய்க் கறையைக் கண்டு அக்கா தர்சனை ஏசிப் பேசாத நாளில்லை. ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அண்ணை அதன்மேல் வெள்ளை அடிப்பார். மாசி முடியமுதல் எண்ணெய் திரும்பவும் ஊறி வெளியே வந்துவிடும். மறைத்துப் பழகிய கை, இந்தச் சுவரையும் வெள்ளையாகவே விட்டிருந்தது.

“நீர்தானே அந்தக் கறையைக் கண்டாலே பேசுறனீர்...”

“பேசினனான்தான். அவன் இருந்தவன், பேசினனான்.”

அக்கா காலையில்தான் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். வகிட்டில் சின்னவிரலைத் தடவி, யன்னலுக்குக் கீழே மட்டைச் சுவரில் அழுத்தினார். எண்ணெய் மெல்லச் சுவறியது.

“ஓம். இதுதான்,” என்றார்.

அண்ணை குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன்.

பேத்திக்குக் கடையில் ஒரு பிங்க் வீடு வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். மட்டை வீடு சாமித்தட்டுக்குக் கீழே இருக்கிறது. அந்தக் கறை இப்போது கொஞ்சம் பெருத்துவிட்டது. தலைக்கு எண்ணெய் வைக்கிற நாளெல்லாம் அக்கா விரலை அங்கே ஒருதரம் வைத்துவிட்டுத்தான் குசினிக்குப் போகிறார்.