காசியில் நான் கொளுத்திய பச்சை

கிறித்தவச்சிக்குக் காசியில் என்ன வேலை என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. முங்கிக் குளிக்கப் போகவில்லை, யாருக்கும் காரியம் செய்யப் போகவில்லை, சும்மா ஊர் பார்க்கத்தான் போகிறேன் என்றால் ஒருத்தரும் நம்பவில்லை. "ஊரு பாக்கவா? அம்புட்டுத் தூரமா?" என்று பக்கத்து வீட்டுக்காரி வாயில் கை வைத்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். "ஆமா, ஆத்துல தண்ணி ஓடுறதைப் பாக்கப் போறேன். நம்ம ஆத்துல மணலுதான கெடக்கு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

உண்மையில் தம்பிக்காகத்தான் போனேன். சிவகாசிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவன் அவன். மாசி மாதம் ஒரு மத்தியானம் அந்த அறை வெடித்தது. வாசலில் இருந்த தண்ணீர்த் தொட்டிக்குள் குதித்ததால் தம்பி பிழைத்தான். முதுகு வெந்தது, காது இரண்டும் போயிற்று. அவனோடு உள்ளே இருந்த கூட்டாளி, விஸ்வநத்தத்துக்காரன், வெளியே வரவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள், ஒரே தூக்குச்சட்டியில் தின்றவர்கள். அவனைப் பெற்றவள் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "எம் புள்ளைய உள்ள விட்டுட்டு நீ மட்டும் எப்பிடிலே வந்த?" என்று கேட்டாள். தம்பிக்குக் காது கேட்காவிட்டாலும் வாயசைவு புரிந்துவிட்டது. அன்றைக்கு மூடிய வாய்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் கேட்ட கேள்வியை நானும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

ஏழு மாதம் அவனும் நானும் ஒரு சிலேட்டை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினோம். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளுக்கு எழுதிப்போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து இவனுக்கு எழுதுவேன். சாப்பிடு. குளி. மாத்திரை போடு. அவன் தலையை ஆட்டுவான், அவ்வளவுதான். நான் அடுப்புப் பற்றவைக்கக் குச்சியை உரசினால் உடனே எழுந்து வெளியே போய்விடுவான். "துரைக்குப் புகை ஆகாதோ?" என்று திட்டுவேன். அவனுக்குத்தான் கேட்காதே, ஆகவே வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

வேறு ஊர், வேறு முகம் பார்த்தால் தேறுவான் என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். அந்தக் காலாண்டு லீவில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர் காசிக்கு டூர் கிளம்பினார்கள். கூட்டிப்போனவர் கணக்கு வாத்தியார். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர், எங்களில் அவருக்கு மட்டுமே இந்தி தெரியும். தம்பியையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் வெளியூர் போனால் அல்வாவும் முறுக்குமா கொண்டுபோவார்கள்? கைக்கு ரெண்டு பெட்டி மத்தாப்புத்தான். ரயிலில் கொண்டுபோகக் கூடாது என்று தெரியும். தீப்பெட்டி மத்தாப்புதானே, பார்த்தால் சாதாரணத் தீப்பெட்டி மாதிரித்தான் இருக்கும் என்று நானும் சேலைக்குள் சுருட்டி வைத்தேன். உரசினால் ஒரு குச்சி பச்சையாக எரியும், ஒரு குச்சி சிவப்பாக எரியும். முன்பெல்லாம் தம்பி புது மருந்து கலந்த அன்றைக்கு ரெண்டு குச்சி கொண்டுவந்து முற்றத்தில் கொளுத்திக் காட்டுவான். "அக்கா, பச்சை எப்பிடி?" என்பான். நான் எழுதும் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "நல்லாருக்குலே" என்பேன். ஒருநாளாவது முழுசாகப் பார்த்திருக்கலாம்.

காசியில் முதல் இரண்டு நாள் அவனிடம் உயிர் திரும்பிய மாதிரிதான் இருந்தது. படகில் போகும்போது கையைத் தண்ணீருக்குள் விட்டவன் கரைக்கு வரும்வரை எடுக்கவே இல்லை. "டீச்சர், தம்பிக்கு ஆறு புடிச்சிருச்சு, பாத்தீகளா?" என்றார் கணக்கு வாத்தியார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஊருக்குப் போனதும் அந்த டாக்டருக்கு ஒரு கோழி கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்றுகூட நினைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சேலைக் கடைக்குப் போகலாம் என்று எல்லோரும் கிளம்பினார்கள். தம்பி படித்துறையை விட்டு நகரவில்லை. ஓலைக்குடைக்குக் கீழே ஒரு படியில் அவனை உட்காரவைத்து, "இங்கனயே இரு, வாரேன்" என்று சிலேட்டில் எழுதிக் கையில் கொடுத்தேன். கடையில் விலை பேசும்போது கடைக்காரன் விரலைக் காட்டினான், நானும் விரலைக் காட்டினேன். விட்டுக்கொடுக்கிற குணம் என் பிறவியிலேயே இல்லை. ஒரு சேலைக்காக முக்கால் மணி நேரம் அங்கே மல்லுக்கு நின்றேன். அந்தச் சேலையை இன்றைக்கு வரைக்கும் நான் உடுத்தவில்லை.

திரும்பி வந்து பார்த்தால் அந்தக் கரை முழுக்க ஓலைக்குடை. எல்லாப் படியும் ஒரே படி மாதிரி இருந்தது. ஏறி இறங்கித் தேடி, கடைசியில் சிலேட்டைத்தான் கண்டுபிடித்தேன். நான் எழுதியது அப்படியே இருந்தது. அவன் இல்லை.

மழைக்காலம் முடிந்த சமயம், ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது. அவனுக்கு நீச்சல் தெரியாது, எங்கள் ஊரில் நீந்தத் தண்ணீர் ஏது? வழி கேட்க வாயில்லை, யாராவது சொன்னால் கேட்கக் காதில்லை. "ஏலே! ஏலே தம்பி!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டு ஓடினேன். காது கேட்காதவனைக் கூப்பிடுகிறேன் என்ற நினைப்பு நாலு படித்துறை தாண்டிய பிறகுதான் வந்தது. எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, என் காதைத் தொட்டுக் கையை விரித்துக் காட்டினேன். ஒரு அம்மாள் நான் பிச்சை கேட்கிறேன் என்று நினைத்துக் காசு கொடுத்தாள். ஆண்டவரே, அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன்.

கணக்கு வாத்தியார் பின்னாலேயே ஓடிவந்தார். "பயப்படாதீக டீச்சர், போலீஸ்ல சொல்லிப் பாப்போம்" என்றார். அவர் முகத்திலேயே பயம் தெரிந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இருட்டிவிட்டால் அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது. அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. காதுதானே இல்லை, கண் இருக்கிறதே! யாருக்காவது கொடுக்கலாம் என்று கைப்பையில் போட்ட ஒரு பெட்டி மத்தாப்பு மிச்சம் இருக்கிறதே! இந்தக் கூட்டத்தில் இந்தப் பச்சையை அடையாளம் தெரிந்தவன் அவன் ஒருத்தன்தானே! என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

தண்ணீர் ஓரத்தில் இருந்த ஒரு மேடையில் ஏறி நின்று முதல் குச்சியை உரசினேன். பச்சை சீறிக்கொண்டு எரிந்தது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். ஒன்று அணைந்ததும் ஒன்று. பச்சை, சிவப்பு, மறுபடி பச்சை. விரல் சுட்டது. குளிக்க வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், பிள்ளைகள் கைதட்டினார்கள். ஐந்தாவது குச்சியில் அவனைப் பார்த்துவிட்டேன். அடுத்த படித்துறையில், படகுகள் கட்டிக்கிடக்கிற இடத்தில், நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சார், அந்தா நிக்கான்! அந்தா!" என்று குதித்தேன். அவனுக்கு நன்றாகத் தெரியட்டும் என்று மூன்று குச்சியைச் சேர்த்து உரசி வீசி ஆட்டினேன்.

தம்பி ஆற்றுக்குள் குதித்தான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அடுப்புக் குச்சி உரசியதும் எழுந்து போனது ஏன் என்று அந்த ஒரு நொடியில் புரிந்தது. ஏழு மாதம் ஒரே வீட்டில் இருந்து எனக்குத் தெரியாமல் போன விஷயம், இவ்வளவு தூரம் கூட்டிவந்து ஆற்றில் தள்ளிய பிறகு தெரிகிறது. நான் எங்கே உருப்படுவேன்? குச்சியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு ஓடினேன். எத்தனை தடவை விழுந்தேன் என்று தெரியாது, முழங்கால் இரண்டும் கிழிந்திருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கழுத்தளவு தண்ணீரில் இருந்தான். ஒரு கையால் படகுச் சங்கிலியைப் பிடித்திருந்தான். இழுப்பு அவனைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. ஒரு படகுக்காரர் துடுப்பை நீட்டி என்னென்னவோ சொல்லிக் கூப்பிட்டார். அவன் துடுப்பைப் பார்க்கவே இல்லை. இன்னொரு கையைக் கரைப்பக்கம் எட்டுமட்டும் நீட்டியிருந்தான். விரலெல்லாம் விரிந்திருந்தது. அந்தக் கையையும் மடக்கிச் சங்கிலியைப் பிடித்தால் பிழைத்துக்கொள்வான். மடக்கவில்லை.

அவன் கத்திக்கொண்டிருந்தான். ஏழு மாதத்துக்குப் பிறகு தம்பியின் குரல். தன் சத்தம் தனக்கே கேட்காததால் ஆறு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "வாலே! கையக் குடுலே! ஏலே, கையக் குடுலே!"

கரையில் அத்தனை பேர் நின்றார்கள். அவன் யாரைக் கூப்பிடுகிறான் என்று எனக்கும் கணக்கு வாத்தியாருக்கும்தான் தெரிந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கும் இவன் கூட்டாளியை விட்டுவிட்டு ஓடிவரவில்லை. தொட்டிக்குள் நின்றுகொண்டு, வெந்த முதுகோடு, இப்படித்தான் கையை நீட்டியிருக்கிறான். யாரும் வந்து பிடிக்கவில்லை. இதை அந்தத் தாயிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. கேட்க எனக்கும் வாய் வரவில்லை.

சேலையோடு தண்ணீரில் இறங்கினேன். மார்பளவு வந்ததும் கால் தரையைத் தேடியது. படகுக்காரர் பின்னாலிருந்து என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். எட்டி அந்தக் கையைப் பிடித்தேன். அவன் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்து சதையில் ஏறியது. இழுத்து என்னைப் படகோடு சேர்த்து அணைத்துக்கொண்டான். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"வந்துட்டியாலே" என்றான்.

"அக்காலே, நான்" என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. அவன் தலையைப் பிடித்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, கேட்காத அந்தக் காதுக்குள்ளே, "வந்துட்டேன்லே" என்றேன்.