வழுக்கும் சாலைக்கு இத்தாலியச் சொல்

இத்தாலிய மொழியில் எனக்கு வணக்கம் சொல்ல வராது. குடிக்கத் தண்ணீர் கேட்கவும் வராது. ஆனால் பனிமூட்டம், ஒரு பக்கம் அடைப்பு, வண்டிகள் ஊர்கின்றன, இதெல்லாம் நன்றாக வரும். பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு கைபேசியில் பாடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன். என் ஒரே மகள் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். தினமும் மலைச்சாலையில் தானே கார் ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள்.

“எதுக்கும்மா இந்தப் பாடம்? போப்பாண்டவரப் பாக்க வாரியா, லாரி ஓட்ட வாரியா?” என்று கேலி செய்தாள்.

“ரெண்டுக்குந்தான்” என்றேன்.

உண்மையைச் சொல்லவில்லை. அவள் ஊர் வானொலி என் கைபேசியில் கிடைக்கிறது. அவள் வேலைக்குக் கிளம்பும் நேரம் திண்டுக்கல்லில் உச்சிப்பொழுது. வெஞ்சனத்துக்குக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே சாலைச் செய்தியில் அவள் சாலையின் எண் வருகிறதா என்று கேட்பேன். ‘ஸ்கொர்ரேவொலே’ என்றால் வண்டிகள் தடையில்லாமல் ஓடுகின்றன என்று பொருள். அது காதில் விழுந்த பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரண்டவள்தான், அதில் எனக்கு வெட்கம் கிடையாது.

ஒரே ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. ‘ஸ்த்ருச்சொலேவொலே’, வழுக்கும் சாலை. பாடம் நடத்தும் குரல் திருப்பிச் சொல்லச் சொல்லும். நான் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

ஆயுத பூஜையன்று எங்கள் ஊரில் கடைக்குக் கடை, வண்டிக்கு வண்டி பூசணிக்காய் சுற்றி, திருஷ்டி கழிய நடுரோட்டில் உடைப்பார்கள். குங்குமம் அப்பிய அந்தச் சதையை யாரும் ஓரம் தள்ளுவதில்லை. அப்படி ஒரு பூஜைக்கு மறுநாள் தாடிக்கொம்பில் தெரிந்தவர் வீட்டுக் கிரகப்பிரவேசம். ஒத்தாசைக்கென்று என் கணவர் விடியற்காலையிலேயே பைக்கில் போய்விட்டார். நான் பின்னாலேயே பஸ்ஸில் கிளம்பினேன். பாதி வழியில் வண்டிகள் நின்றுவிட்டன.

“எவனோ விழுந்து கெடக்கான் போல. நம்ம அவசரத்துக்குன்னு பாத்து விழுகுறான்” என்றாள் பக்கத்து சீட்டுக்காரி. நான் “ஆமா” என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தேன். பட்டுச்சேலை கசங்குகிறதே என்று எரிச்சலாக இருந்தது. பஸ் மெல்ல நகர்ந்தபோது ரோட்டில் சிவப்பாகத் தெரிந்ததைக் குங்குமம் என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் எங்கள் பைக்கைப் பார்த்தேன்.

போன குளிர்காலத்தில் ஒருநாள் வானொலியில் மகளின் சாலை எண் வந்தது. தொடர்ந்து ‘இன்சிதெந்தே’, விபத்து. பிறகு எனக்கு வாயில் வராத அந்தச் சொல். கடைசியில் ‘கோடா’, நீண்ட வரிசை. மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மாதா படத்துக்கு முன்னால் நின்றேன், ஜெபமும் வரவில்லை. தட்டில் கத்திரிக்காய் கறுத்துப்போனது.

காரை நிறுத்திவிட்டு அவளே கூப்பிட்டாள்.

“வண்டி ஓட்டும்போது போன் எடுக்க மாட்டேன்னு தெரியும்ல? அதுக்கு இம்புட்டுத் தடவையா கூப்புடுவ? எவனோ வழுக்கிக் கவுந்து கெடக்கான்மா. நான் லேட்டாக் கெளம்புன அன்னைக்கின்னு பாத்து.”

அவள் உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்தில் அழுதேன். அழுது முடிப்பதற்குள் அந்த பஸ் சீட்டில் போய் உட்கார்ந்திருந்தேன்.

“அந்த எவனோவுக்கு ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லு” என்றேன்.

“சரிம்மா” என்றாள் மகள். அவளுக்கும் அந்தப் பூசணிக்காய் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே சொன்னோம்.

அந்த வரிசையில் எங்கேயோ ஒருத்தி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இன்னும் தெரிந்திருக்காது.