நேர்கோட்டை வளைத்த கதை

எங்கள் வீட்டுப் புரொஜெக்டர் காட்டிய நேரான படத்தை, ஆறு வாரம் பாடுபட்டுக் கோணலாக்கியவன் நான். அதோடு நிறுத்தவில்லை, இப்போதுதான் நேராகியிருக்கிறது என்று மனைவியிடம் சாதிக்கவும் செய்தேன். தொழிலால் நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன். இருபது வருடத்துக்கு மேலாகக் காணி உறுதிகளுக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் கீழே, மூலத்துக்கு மாறில்லாதது என்று எழுதி முத்திரை குத்துகிறவன். குத்திக் குத்திப் பழகிய கை, தன் வீட்டுச் சுவருக்கும் ஒன்று குத்திவிட்டது.

புரொஜெக்டர் புதியதல்ல, யாரோ பாவித்தது. மாத்தளை டவுனில் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணரிடம், ஊருக்கே அவர் நானா, வாங்கினேன். கல்யாண மண்டபங்களுக்கும் பள்ளிக்கூட விழாக்களுக்கும் இந்த மெஷின்களை வாடகைக்கு விடுகிறவர் அவர். பலாபத்வலையில் எங்கள் வீட்டு முன்னறையில் திரையைக் கட்டி, ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி போட்டு, வெளிச்சம் வரும் இடுக்குகளுக்குப் பழைய பத்திரிகை செருகி, ஒரு தியேட்டரின் புழுக்கத்தையாவது முழுமையாகக் கொண்டுவந்தேன்.

எதையும் பாவிக்கும் முன் அதைப்பற்றி எழுதப்பட்டதையெல்லாம் வாசித்துவிடுவது என் வியாதி. புரொஜெக்டர் காட்டும் படத்தில் இத்தனை குறைகள் இருக்க முடியும் என்று வாசிக்காதவர்கள் நிம்மதியாகப் படம் பார்க்கிறார்கள். நான் வாசித்திருந்தேன். அதனால் படத்துக்கு முன்னால் சோதனைப் படங்களைப் போட்டேன். கறுப்பு உண்மையிலேயே கறுப்பா, சாம்பலா? வெள்ளையில் நீலம் கலந்திருக்கிறதா? முகங்கள் மனித நிறத்தில் இருக்கின்றனவா? கடைசியாக, கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகளாலான பெரிய கட்டம். பள்ளிக்கூடக் கணக்குக் கொப்பியின் சதுரத் தாளைச் சுவரளவுக்குப் பெருப்பித்த மாதிரி இருக்கும்.

மனைவி அந்தக் கட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏங்க, இந்தப் படத்துல ஹீரோ எப்ப வருவான்?"

அதற்குள் நான் கட்டத்தின் நடுவில் கோடுகள் வளைந்திருப்பதைக் கண்டுவிட்டேன். ஈரத் தாளில் யாரோ கட்டைவிரலை அழுத்தி எடுத்தது போல ஒரு குழி. அதன்மேல் தேநீர்க் கறை காய்ந்த மாதிரி ஒரு மங்கல்.

"நடுவுல வளைஞ்சிருக்கு, பாத்தியா?"

"நேராத்தானேங்க இருக்கு."

"உனக்குப் பார்த்துப் பழக்கமில்ல."

அந்த மெஷினில் படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிடித்து இழுத்துச் சரிசெய்யும் வசதி ஒன்று உண்டு. வளைந்த சுவரில் காட்டுகிறவர்களுக்காக வைத்தது. ரிமோட்டும் கையுமாகப் பின்னேரங்களில் உட்கார்ந்தேன். நடுப்புள்ளியை ஒரு மயிரிழை மேலே, பக்கத்துப் புள்ளியை ஒரு மயிரிழை வலது பக்கம். நிறமும் வெளிறித் தெரிந்ததால் சிவப்பைக் கூட்டினேன். நாட்கள் செல்லச் செல்ல நடுக்கோடுகள் நேராகின. செய்தி பார்க்க வந்த மனைவி, "அந்தப் பொம்பளைக்கு மூக்கு ஏன் இப்படித் தேங்காய்க் கீறு மாதிரி வளைஞ்சிருக்கு? மூஞ்சியெல்லாம் அம்மை போட்ட செவப்பு" என்றாள். இரசனை இல்லாதவர்களோடு கலை பேச முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு சங்கடம். நடுவை நேராக்கிவிட்டு இடது பக்கம் பார்த்தால், குழி அங்கே இருந்தது. இடதைச் சரிசெய்து மேலே பார்த்தால், மேலே. ஆறாவது வாரம் கடைக்கார நானாவை வரவழைத்தேன்.

அவர் வந்து திரைக்கு முன்னால் நின்று சிரித்துவிட்டார். "யா அல்லாஹ். யாரு சேர் இத இப்படிப் புழிஞ்சி வெச்சது?"

"நான்தான் நானா. இந்த மெஷின்ல ஒரு பழுது. நான் பார்க்கிற இடத்துக்கெல்லாம் ஓடுது."

நான் நீட்டிய ரிமோட்டை நானா வாங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்புப் போய்விட்டது.

"சேர், மெஷின்ட பழுது ஓடாது. ஈக்கிற எடத்துலயே ஈக்கும்." பிறகு மெதுவாக, "ஒரு கண்ண மூடுங்க. வலதை" என்றார்.

மூடினேன். நான் ஆறு வாரம் செதுக்கிய கட்டம், மிதிபட்ட கோழிக்கூட்டு வலையாகக் கிடந்தது.

"இப்ப மத்தக் கண்ணு."

இடது கண்ணை மூடினேன். கோடுகள் நேராக நின்றன. கறை நின்றது. திரும்பி நானாவைப் பார்த்தேன், கறைக்குள் முகம் இல்லை. சட்டை இருந்தது, தொப்பி இருந்தது, இடையில் சாம்பல்.

நானா எல்லாப் புள்ளிகளையும் நிறங்களையும் பழையபடி திருப்பிவிட்டு, தேநீர் குடிக்காமல் போனார். படியிறங்கும்போது, "டொக்டர்ட்ட போங்க சேர். சுணங்க வாணாம்" என்றார்.

நான் சுணங்கினேன். இரண்டு வாரம். கண்ணுக்கு மருத்துவரிடம் போனால் கண்ணில் வியாதி இருப்பது உறுதியாகிவிடும். போகாதவரை இல்லாமலும் இருக்கலாம். படித்த கோழையின் தர்க்கம் இப்படித்தான் வேலை செய்யும். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இடது கண்ணை மூடாமல் ஒரு நேர்கோட்டைக் கடக்க என்னால் முடியவில்லை. ஜன்னல் கம்பி, கோயில் தரை ஓடு, எங்கள் ஊர் வழியாகப் போகும் யாழ்ப்பாண வீதியின் ஓரத்து மின்கம்பி, பஸ்ஸின் முன் சீட்டுக் குழாய், எல்லாம் நான் பார்க்கும் இடத்தில் மட்டும் நெளிந்தன, தண்ணீருக்குள் இருப்பது போல. முகங்கள் அதைவிட மோசம். யாரைப் பார்த்தாலும் பார்த்த இடம் அழிந்தது.

புத்தக அலுமாரியின் முன்னால் நின்று, இன்னும் வாசிக்காதவற்றில் எதை முதலில் வாசிப்பது என்று யோசித்தேன். ஒரு நாள் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு குளியலறைக்குப் போய்ப் பழகிப் பார்த்தேன். வாளியில் இடறி, முழங்காலைத் துவைக்கும் கல்லில் இடித்து, அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்திருந்தேன். வலி கொஞ்சம்தான். கண்ணைத் திறக்கத்தான் பயமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மேலே தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மகனின் பிறப்புச் சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றக் கொண்டுவந்தார். மகன் வெளிநாட்டு வேலைக்குப் போக இருந்தான். தட்டச்சில் அடித்து, கையெழுத்திட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் இலக்கம் தெரியும். விரலால் வரிவரியாகத் தடவிக்கொண்டே போனவர் நின்றார்.

"ஐயா, எம்புள்ள எட்டாந் தேதிங்க. நீங்க மூணுன்னு போட்டிருக்கீங்களே."

மூலத்தைப் பார்த்தேன். மூன்று. இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். எட்டு. பாதி இலக்கத்தை என் கண் விழுங்கியிருந்தது.

"வயசாயிருச்சில்லீங்களா" என்று அவரே எனக்குச் சமாதானம் சொன்னார். நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று அடித்தேன். இந்த முறை அந்த அம்மாவின் விரல் கடைசி வரியைக் கடந்த பிறகுதான் முத்திரை குத்தினேன். இதுவரை எத்தனை எட்டுகள் மூன்றாகப் போயிருக்கும்? எந்தெந்த ஊர் அலுவலகத்தில் யார் யார் என் பிழையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்? பழைய பிரதிகளை எடுத்துச் சரிபார்த்தேன். வேறு பிழை அகப்படவில்லை. ஆனால் சரிபார்த்ததும் அதே கண்கள்தானே.

அன்று பின்னேரம் மனைவியிடம் சொன்னேன். சொல்வதற்கு முன் மூன்று தடவை தண்ணீர் குடித்தேன்.

"கண்ணுல ஏதோன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். "ரெண்டு கெழமையா ஜன்னல்கிட்ட நின்னு ஒத்தக் கண்ண மூடி மூடிப் பாக்கறீங்க. எதுத்த வீட்டு அக்கா வந்து, ஒங்க வீட்டுக்காரரு என்னப் பாத்துக் கண்ணடிக்கிறாருன்னு சொல்லிட்டுப் போகுது. இந்த மூஞ்சிக்கு அந்தத் தைரியமெல்லாம் வராது, கண்ணுலதான் ஏதோன்னு சொன்னேன்." பிறகு என் கையைப் பிடித்தாள். அவள் கையும் குளிர்ந்திருந்தது. "நாளைக்கே கண்டிக்குப் போறோம்."

கண் மருத்துவர் சிங்களப் பெண். அவர் சொன்னதை நான் தமிழில் தருகிறேன், முத்திரை இல்லாமல். முதலில் என் கையில் உள்ளங்கையளவு அட்டை ஒன்றைக் கொடுத்தார். அதில் கட்டம் போட்டிருந்தது.

"இதை முன்னால் எங்காவது பார்த்திருக்கிறீர்களா?"

"வீட்டில் இருக்கிறது டொக்டர். நூறு அங்குலத்தில்."

நடந்ததைச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்தினார். "கோடு வளைந்து தெரிந்ததும் கோட்டைத் திருத்தினீர்களா?"

"ஆறு வாரம்."

கண்ணின் பின்திரைக்கு அடியில் நீர் கோர்த்திருந்தது. ஸ்கேனில் காட்டினார், மட்டமாக இருக்கவேண்டிய இடத்தில் சின்னக் குன்று. நான் கட்டிய திரையில் சுருக்கம் இல்லை. எனக்குள் இருந்த திரைதான் உப்பியிருந்தது. நடுத்தர வயது ஆண்களுக்கு வருவது, அநேகமாகச் சில மாதங்களில் தானாகவே வற்றும் என்றார். அநேகமாக என்ற சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். வற்றாவிட்டால்? "அப்போது பார்ப்போம்." மன உளைச்சல் இதைக் கூட்டும், ஆகவே பயப்படக்கூடாது. அட்டையைத் தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாலும் பார்க்க வேண்டும்.

அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். அதன்பின் வந்த காலைகளை எப்படிச் சொல்வது? பயப்படக்கூடாதே என்று பயந்தேன். விழித்ததும் கண்ணைத் திறக்காமல் கொஞ்ச நேரம் கிடப்பேன். சமையலறைக்கு நடப்பது ஏழெட்டு அடிதான். பரீட்சை முடிவு பார்க்கப் போகிறவன் மாதிரி நடப்பேன். சில நாள் குழி சிறுத்திருந்தது. மறுநாள் பெருத்திருந்தது, அல்லது பெருத்ததாகப் பட்டது. எதை நம்புவது? அளக்கும் கருவியே பழுது. மனைவி பின்னால் நின்றுகொண்டிருப்பாள். தேநீர்க் கோப்பையில் கரண்டி சுற்றும் சத்தம் மட்டும் தேவைக்கு மேல் நீளும். நான் அடிக்கும் ஒவ்வொரு தாளையும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூலத்தோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டாள்.

நான்காம் மாதம் எடுத்த ஸ்கேனில் குன்று இல்லை. "போய்விட்டது. ஆனால் திரும்பியும் வரலாம், அட்டையை எறியாதீர்கள்" என்றார் மருத்துவர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கறுப்புத் துணிகளை இழுத்துவிட்டு, மாதக்கணக்கில் தொடாத புரொஜெக்டரைப் போட்டேன். கட்டம் வந்தது. இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு நின்றேன். வலது கண்ணுக்கு வெள்ளை இன்னும் கொஞ்சம் அழுக்குத்தான். ஆனால் கோடுகள் நேர். நடுவில் நேர், இடது பக்கம் நேர், மேலே நேர். எங்கே பார்த்தாலும் குழி என்னோடு வரவில்லை.

"இங்க வா. வந்து பாரு. எல்லாம் நேரா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து, என் தோளோடு நின்று வெகுநேரம் பார்த்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"அந்த மேல் மூலையில கறுப்பா ஒரு திட்டு இருக்கே, அது மட்டும் இன்னும் அப்படியே இருக்குங்க."

"எந்த மூலை?" வலதை மூடிப் பார்த்தேன், இடதை மூடிப் பார்த்தேன். இரண்டு கண்ணுக்கும் தெரிந்தது. ஓடவில்லை. மெஷினுக்குள் தூசியோ, பூச்சியோ.

"வாங்கிட்டு வந்த அன்னைக்கே இருந்திச்சு" என்றாள். "நீங்கதான் அவ்வளவு படிச்சு அவ்வளவு உத்துப் பாக்கறீங்களே, அதைப் பாக்காமலா இருப்பீங்கன்னு நான் சொல்லல."