சூசையப்பரிடம் நான் போட்ட எதிர்மனு

செருப்புக் கடையில் செருப்பைக் காலில் மாட்டுவதற்கு முன் மூக்கில் வைத்துப் பார்க்கிற மடையன் நான். இன்று அப்படி முகர்ந்த ஒரு ஜோடியில் ஆவாரம்பட்டை வாசனை அடித்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது, ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த, தோல் பதனிடும் ஷாப்பின் தொட்டிகளிலிருந்து அதே வாடை வரும். அதை விரட்ட அம்மா சாம்பிராணி போடுவாள். இரண்டும் கலந்து, அப்பாவைப் பெற்ற ஆயா படுத்த படுக்கையாகிவிட்ட கட்டிலைச் சுற்றியே கிடக்கும். விளக்கு வைத்ததும் குடும்பமே அந்தக் கட்டிலருகே முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்ல, எனக்கு மட்டும் முட்டி அரிக்கும், கால் மரத்துப்போகும், ஐம்பத்து மூன்று மணிகளும் ஐந்நூறாக நீளும்.

கடைசியில் அப்பா, நல்ல மரணத்துக்குப் பாதுகாவலரான புனிதரிடம், “அம்மாவுக்கு நல்ல மரணம் கிடைக்கணும், சூசையப்பரே” என்பார். எல்லாரும் “ஆமென்” என்பார்கள். பெற்ற தாயைச் சாகடிக்கச் சொல்லி அப்பாவே கேட்கிறாரே என்று நடுங்கி, நான் மட்டும் வாய்க்குள், “வேணாம் சூசையப்பரே, இவங்க பேச்சைக் கேக்காதீங்க” என்பேன்.

ஒரு சாயங்காலம் ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்து போனதும் ஆயா என்னைக் கூப்பிட்டாள்.

“நீ மட்டும் இன்னாடா முணுமுணுக்கற?”

“எல்லாரும் உன்னைச் சாவடிக்கச் சொல்லிக் கேக்கறாங்க ஆயா. நான்தான் தெனம் வேணாம்னு சொல்லிக்கினு வர்றேன்.”

ஆயா வீங்கிய காலை இரண்டு கையாலும் தூக்கி நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அப்போ மூணு வருஷமா என்னைப் போவவுடாம புடிச்சி வெச்சவன் நீதானா?”