குற்றாலத்தில் ஒரு சளிப் பரிசோதனை

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு என்ன பயிற்சி வைத்தாலும் குற்றாலத்தில்தான் வைப்பார்கள். அதுவும் ஆனி, ஆடியில்தான் வைப்பார்கள். பாம்புக்கடியோ, பிரசவமோ, தொற்றுநோயோ, எதுவானாலும் சரி, சாரல் விழுந்தால்தான் மேலே இருக்கிறவர்களுக்கு நம் அறிவை வளர்க்க வேண்டும் என்று தோன்றும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம், அவசரக் கேஸ்களை வண்டியில் ஏற்றிவருகிறவர்களுக்காகத் தொற்றுநோய், மூச்சு நோய் பற்றி ஒரு வார வகுப்பு நடத்தினார்கள். வண்டியில் போகும் நர்சுகள், டிரைவர்கள், கம்பவுண்டர்கள், ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவர்கள் எல்லாரும் வர வேண்டும் என்று உத்தரவு. தென்காசியில் நான் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து என்னையும், வேன் டிரைவரையும், கம்பவுண்டரையும் அனுப்பினார்கள்.

உத்தரவைக் கேட்டு எனக்கு ஒரே சந்தோஷம். அருவிக்காக இல்லை. இலஞ்சிக்காரிக்கு அருவி என்ன புதுசா. டிரைவர் அண்ணாச்சியின் இருமலுக்கு ஒரு வழி பிறக்கும் என்ற சந்தோஷம்.

பங்குனியில் தொடங்கிய இருமல் அது. முதலில் கோயில் கொடையில் கிளம்பிய புழுதி என்றார். பிறகு பீடி என்றார். சாரல் தொடங்கியதும் அவருக்கு ரொம்ப வசதியாகப் போய்விட்டது, ஊரே இருமுது, நான் இருமுனா மட்டும் குத்தமா என்று கேட்டார். நான் வண்டியில் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போகிறவள். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு அவர் இளைத்துப்போனது என் கண்ணுக்குத் தெரியாதா? சாயங்காலம் ஆனால் கண் சிவந்து, உடம்பு அனலாக அடித்தது.

"அண்ணாச்சி, ஒரே ஒரு தடவ சளிய டெஸ்ட் பண்ணிருங்க. உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

"சும்மா இருங்க சிஸ்டர். நீங்க ஒண்ணு சொல்ல, அது ஒண்ணு கெளம்ப, என்னத்துக்கு?"

அவர் பயம் எனக்குத் தெரியும். எங்கள் ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்த ஒருவருக்கு முன்பு காசம் வந்து, மருந்து சாப்பிட்டுக் குணமாகித் திரும்பி வந்தார். ஆனாலும் எதிர் டீக்கடையில் அவருக்கு மட்டும் தனி கிளாஸ். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு மனுஷன் ஊரை விட்டே போய்விட்டார். தன்னை வேனிலிருந்து இறக்கிவிடுவார்கள், ஊர் ஒதுக்கிவிடும் என்று அண்ணாச்சிக்கு உதறல். என்னுடைய உதறல் வேறு. கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அப்போது அதற்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. அப்பன் நெஞ்சில் கிடந்தால்தான் அது தூங்கும் என்று பெருமையடித்துக்கொள்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் சளி டெஸ்ட் பேச்சை மறுபடி எடுப்பேன்.

வகுப்பு, அருவிக்குப் போகிற வழியில் ஒரு விடுதியின் ஹாலில் நடந்தது. ஆண்களுக்கு அங்கேயே தங்க இடம் கொடுத்திருந்தார்கள். நான் தினமும் இலஞ்சியிலிருந்து பஸ்ஸில் வந்து போனேன். பாடம் எடுக்க மதுரைப் பக்கத்திலிருந்து ஒரு டாக்டர் வந்திருந்தார். ஒல்லியான ஆள், சத்தம் போட்டுப் பேசத் தெரியாது. ஈரத் தலையோடும் எண்ணெய் வாசனையோடும் வந்து உட்கார்ந்து தூங்கி வழிகிற கூட்டத்துக்கு, தொண்டை அடைப்பான், கக்குவான், காசம் என்று அவர் பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

ஆனால் ஒன்று மட்டும் எல்லாருக்கும் உறைத்தது. சாரல் காலத்தில் நோயாளியை வண்டியில் ஏற்றினால், கூட வருகிறவர்கள் முதல் வேலையாகக் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். காத்து பட்டா சன்னி கண்டுரும் என்பார்கள். நாங்களும் நனையாமல் போனால் சரி என்று இருந்துவிடுவோம். "அந்தக் கண்ணாடியை முதலில் இறக்குங்கள். நனைந்தால் துண்டால் துடைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் இருமியதை உள்ளே இழுத்துவிட்டால் எதைக்கொண்டு துடைப்பீர்கள்?" என்றார் டாக்டர். எத்தனை வருஷம், எத்தனை பேருடைய இருமலை மூடிய வண்டிக்குள் வைத்துக்கொண்டு மேக்கரைக்கும் செங்கோட்டைக்கும் போய் வந்திருக்கிறோம். நான் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று வகுப்பு முடிகிற நேரத்தில் டாக்டர் எல்லாருக்கும் ஆளுக்கொரு மூடி போட்ட டப்பா கொடுத்தார். மேலே எண் ஒட்டியிருந்தது. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து நன்றாக இருமி, சளியை அதில் எடுத்து வர வேண்டும். எச்சில் ஆகாது. அவரவர் சளியை அவரவரே கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பழக வேண்டும். ஹால் முழுக்க முகச்சுளிப்பு. எனக்கோ டாக்டர் காலில் விழலாம் போல இருந்தது. நான் மூன்று மாதமாகக் கெஞ்சியும் நடக்காதது, ஒரு உத்தரவில் நடக்கப்போகிறது.

மறுநாள் நான் என் டப்பாவைச் சாப்பாட்டுப் பையில் வைக்க மனசு வராமல், தனியாக ஒரு துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முக்கி முனகியும் எனக்கு ஒரு சொட்டுதான் வந்திருந்தது. மேஜையில் வரிசையாக இருந்த டப்பாக்களைப் பார்த்தேன். ஆண்கள் டப்பா சிலதில் கெட்டியாக, தாராளமாக இருந்தது. பரவாயில்லையே, சொன்னதைக் கேட்டிருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

சில்லைக் காய்ச்சி, சிவப்புச் சாயம் ஊற்றி, கழுவி, நீலம் ஊற்றி முடிக்க வெகுநேரம் பிடித்தது. டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினார். ஒன்றைப் பார்த்தவர் மறுபடியும் அதையே பார்த்தார். அடுத்ததை எடுத்தார். கைக்குட்டையால் லென்சைத் துடைத்தார். அப்புறம் வெளியே போய், கூட வந்திருந்த லேப்காரரை அழைத்துவந்து அவரையும் பார்க்கச் சொன்னார். இருவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். டாக்டர் முகத்தில் ரத்தம் இல்லை.

ஐந்து எண்களைப் படித்தார். ஐந்து பேரும் ஆண்கள், அதில் எங்கள் கம்பவுண்டரும் ஒருவர். ஐந்து பேர் சளியிலும் காசநோய்க் கிருமி நிறைய இருக்கிறது, பயப்பட வேண்டாம், மருந்து இருக்கிறது என்று சொல்லும்போது அவர் குரலே நடுங்கியது.

"டிரைவர் அண்ணாச்சிக்கு சார்?" என்று நான் கேட்டேன்.

"அவருக்கு ஒன்றுமில்லை. சுத்தமாக இருக்கிறது."

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. காலர் தொளதொளக்க இருமிக்கொண்டு திரிகிறவருக்கு ஒன்றுமில்லையாம், மரம் தூக்குகிற உடம்பு வைத்திருக்கிற கம்பவுண்டருக்குக் காசமாம். யார் காதில் பூ சுற்றுகிறார்கள் என்றிருந்தது.

கம்பவுண்டர் எழுந்தார். முறுக்கு மீசை, ஆறடி உயரம், எதற்கும் அசராத ஆள். உதடு கோணிக்கொண்டு போனது.

"சார், எனக்கு ரெண்டு பிள்ளைய இருக்கு சார்."

"தைரியமா இருங்க. குணப்படுத்திடலாம்."

"அதுக்கில்ல சார். அது என் சளியே இல்ல."

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். டிரைவர் பக்கம் மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை. எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

"காலம்பற போனாத்தான் ஐந்தருவியில கூட்டம் இருக்காதுன்னு கெளம்பிட்டோம் சார். எங்களுக்கு இருமுனாலும் ஒண்ணும் வரல. அண்ணாச்சிதான் எந்திச்சி உக்காந்து இருமிக்கிட்டிருந்தாவ. எங்க டப்பாவுலயும் கொஞ்சம் துப்பி வைங்கன்னு சொல்லிக் குடுத்துட்டுப் போயிட்டோம்."

"சரி. அவர் டப்பாவில் இருந்தது?"

"அதுல என்னைய எச்சி துப்பச் சொன்னாவ சார்."

பின் வரிசையில் யாரோ பக்கென்று சிரித்தார்கள். அடுத்த நொடி தானாக நின்றுபோனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கம்பவுண்டரை ஒரு பிடி பிடித்தேன். "மருந்து எடுத்துக் குடுக்கிற கைதான அது? அறிவு இருக்கா? குளிக்கப் போற அவசரத்துல சளியவா கடன் வாங்குவிய?" வேறு யாரைத் திட்டலாம் என்று திரும்பினால், டிரைவர் இருந்த நாற்காலி காலியாகக் கிடந்தது.

வேனில் இருந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, எங்கேயோ போகிறவர் மாதிரி முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாவி போடவில்லை. நான் போய்ப் பக்கத்து சீட்டில் ஏறினேன். வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த திட்டு, அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கே போனதோ.

"ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணுனிய?"

"தெரிஞ்சிக்கிடணும்னு இருந்துச்சி சிஸ்டர். ரொம்ப நாளாவே இருந்துச்சி. ஆனா எம் பேர்ல தெரியாண்டாம்னு பாத்தேன். அவனுவ டப்பாவ நீட்டுனதும், சரி, இதுல சொல்லிருவாவ, நாம பேசாம கேட்டுக்கிடுவோம்னு தோணிட்டு."

"கேட்டுட்டு? மருந்து யாருக்குக் குடுப்பாவ? அவங்களுக்கா?"

"அத நான் யோசிக்கல" என்றவர், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "பிள்ளய நெஞ்சிலேயே போட்டுக் கெடந்தேன் சிஸ்டர். ஒவ்வொரு நாளும் கெடந்தேன்."

நல்லவேளையாக டாக்டர் வந்தார். சாரலில் நனைந்துகொண்டு வேன் கதவைப் பிடித்தபடி நின்றார். கோபிப்பார் என்று நினைத்தேன். "உங்களைத் தவிர இந்த வகுப்பில் ஒருத்தரும் ஒழுங்காகச் சளி எடுக்கவில்லை" என்றுதான் சொன்னார். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, இருமலோடு அழுகையும் வந்துவிட்டது.

டாக்டர் அவரை இருமி முடிக்க விட்டார். பிறகு எல்லாவற்றையும் உடைத்துப் பேசினார். மருந்து இருக்கிறது. ஒருநாள்கூட விடாமல் சாப்பிட்டால் குணமாகும். சளியில் கிருமி இல்லை என்று வந்ததும் வண்டி ஓட்டலாம், அதை டாக்டரே நிர்வாகத்திடம் பேசுவார். குழந்தையையும் தாயையும் நாளைக்கே பார்த்துவிடலாம்.

அண்ணாச்சியின் மனைவி மறுநாள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவரைத் திட்டவும் இல்லை, என்னிடம் எதுவும் விசாரிக்கவும் இல்லை. "பிள்ளைக்கு?" என்று அந்த ஒன்றை மட்டும் கேட்டாள். டாக்டர் குழந்தையின் நெஞ்சில் குழாயை வைக்க, அது குழாயைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துச் சப்பியது. முதுகில் வைத்துக் கேட்டார். கிருமி தொற்றியிருக்கிறதா என்று கையில் ஊசி போட்டுப் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தச் சில நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. முடிவு வந்தது. குழந்தை நெஞ்சு தெளிவாக இருந்தது, தாய்க்கும் ஒன்றுமில்லை. காப்பாக இருக்கட்டும் என்று குழந்தைக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கும், கம்பவுண்டருக்கும், அருவிக்கு ஓடிய மற்ற நாலு பேருக்கும் எடுத்த எக்ஸ்ரேயும் நல்லபடியாக வந்தது. அன்று எங்கள் தெருப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அவ்வளவு நிம்மதி.

அண்ணாச்சிக்குத் தினமும் ஊசி போட்டது நான்தான். மற்றவர்களை விட அவருக்குக் கொஞ்சம் அழுத்தியே போட்டேன் என்று அவர் ஊரெல்லாம் சொல்லுவார். பொய். கம்பவுண்டர் மாத்திரை விஷயத்தில் ஒரு பிசாசாகவே மாறிவிட்டார். கண்முன்னால் விழுங்க வைத்து, நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லுவார். இருமல் அடங்கிக் கிருமியும் குறைந்தபிறகு ஒருநாள் அண்ணாச்சியை எதிர் டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் தனி கிளாசைத் தேடி எடுத்து அதில் டீ ஊற்றிக் கொடுத்தார். கம்பவுண்டர், அண்ணாச்சி பாதி குடித்த டீயைப் பிடுங்கி, எல்லார் முன்னாலும் மீதியைக் குடித்துவிட்டு, "சீனி பத்தலயேவே" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கடையில் தனி கிளாஸ் இல்லை.

பல மாதம் கழித்து, கடைசிப் பரிசோதனைக்குச் சளி அனுப்பச் சொல்லி டாக்டரிடமிருந்து தகவல் வந்தது. இந்தத் தடவை நான் யாரையும் நம்பவில்லை. காலையிலேயே டப்பாவோடு வராண்டாவில் அண்ணாச்சிக்கு நேர் எதிராக ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கழுத்தில் சதை பிடித்து, காலர் சரியாக உட்கார்ந்திருந்தது. இருமினார். எச்சில்தான் வந்தது.

"எச்சி வேண்டாம். நெஞ்சிலேருந்து எடுங்க."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருமினார். சுடுதண்ணீர் குடித்துவிட்டு இருமினார். குனிந்து இருமினார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

"வரமாட்டேங்கு சிஸ்டர்" என்றார், நான் நம்பமாட்டேன் என்ற பயத்தோடு. "பிள்ள மேல சத்தியமா ஏமாத்தல. உள்ள ஒண்ணுமே இல்ல."

ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த மனுஷனை ஒரு துளி சளிக்காக விரட்டியிருக்கிறேன். வெறும் டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. வெளிநோயாளிகள் வரிசை மொத்தமும் பார்க்க, வாய்விட்டு அழுதேன். அண்ணாச்சி பதறிப்போய்விட்டார்.

"அழாதீங்க சிஸ்டர்" என்றார். "இருங்க, இன்னொரு தடவ இருமிப் பாக்கேன்."